பாய்லர் அறையில் காய்ந்த கடிவாளம்

அன்புள்ள தர்மிளாவுக்கு,

இங்கே நான் சுகம். உன் இடுப்பு வலி எப்படி? கஹவத்தையில் விடாத மழையாமே, தோட்டத்தில் ரப்பர் பால்வெட்டு நடக்கிறதா? சின்னவள் ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

டுபாய்க்கு வந்தும் என் தோட்டத்துப் புத்தி போகவில்லை, கேள். நான் வேலை செய்யும் குதிரை லாயத்துக் கடிவாளத் தோல் வார்களை வாளியில் முக்கிக் கழுவி, நம் புகை அறையில் ரப்பர் ஷீட் தொங்கவிடுவது போல வெந்நீர் பாய்லர் அறையில் வரிசையாகத் தொங்கவிட்டேன். காலையில் பார்த்தால் எல்லாம் கருவாடாக விறைத்துப்போயின. கூட வேலை செய்யும் கேகாலை தங்கையா அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். "என்னடா தம்பி, குதிரைக்கு ரப்பர் ஷீட்டா மாட்டப்போற?"

தோலை ஈரத்துணியால் துடைத்து நிழலில் ஆறவிட வேண்டுமாம். ஒரு வாரம் எண்ணெய் பூசிப் பூசி வளைத்தேன். ஒன்று மட்டும் வெடித்துவிட்டது. வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை, பயப்படாதே.

இங்கே கிடைக்கும் துணி சொரசொரப்பு. தங்கையா அண்ணனின் மகன் அடுத்த மாதம் ஊரிலிருந்து இங்கே வருகிறான். அவனிடம் உன் பழைய நூல் சேலை இரண்டு கொடுத்துவிடு. ஒன்றை நன்றாகத் துவைத்துக் கொடு, அது தோல் துடைக்க.

மற்றது எனக்கு. அதைத் துவைக்க வேண்டாம்.

வேலைக்குப் போகும் வேன் ஹாரன் அடிக்கிறது.

உன்
கிருஷ்ணராஜ்