மலருக்குப் போன தலைப்பு

12.2.2007, திங்கள்
காலையில் பனி. மஞ்சக்குப்பத்தில் ஏழே கால் பஸ்ஸை விட்டாச்சு. சிதம்பரம் போய்ச் சேர்வதற்குள் எம்.ஏ. கிளாஸில் சார் செமினார் தலைப்பெல்லாம் கொடுத்து முடித்துவிட்டார். நான் கேட்டு வைத்திருந்தது, ‘மனிதன் ஏன் குற்றம் செய்கிறான்: ஆரம்பகால விஞ்ஞானம்’. அது மலர்க்கொடிக்குப் போய்விட்டது. ஊர் பெண்ணாடம் பக்கம், இங்கே ஹாஸ்டலில் இருக்கிறாள். எனக்கு ‘முதியோர் இல்லங்கள்’. பி.ஏ.வில் முதல் மார்க் நான். வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதை.
வாங்க: ரீஃபில், தலைவலி மாத்திரை.

14.2, புதன்
லைப்ரரியில் அந்த சப்ஜெக்டுக்கு ஒரே புத்தகம். வெளியே தர மாட்டார்கள். நோட்டில் கையெழுத்துப் போட்டு அங்கேயே படிக்கணும். மலர் படித்தாள், பக்கத்தில் நான். அந்தக் காலத்து இத்தாலி டாக்டர் ஒருவர் குற்றவாளிகளின் மண்டையை அளந்து பார்த்தாராம். பிறவிக் குற்றவாளிக்கு அடையாளம்: பெரிய தாடை, தூக்கின காது, சரிந்த நெற்றி. மலர் முகத்தில் தேடினேன். ஒன்றுகூட இல்லை. லட்சணமாக வேறு இருக்கிறாள்.
அவள் டீ குடிக்கப் போனதும் புத்தகத்தைக் கொண்டுபோய்க் யாரும் போகாத விவசாயப் பக்கம், கரும்புப் பூச்சி பற்றிய ரேக்கில், தடி வால்யூம்களுக்குப் பின்னால் சொருகிவிட்டேன். பரீட்சை நேரத்தில் எல்லாரும் செய்வதுதான்.

19.2, திங்கள்
செமினார். புத்தகம் இல்லாமல் உளறுவாள் என்று முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். அவள் தன் தாத்தாவைப் பற்றிப் பேசினாள். வெள்ளைக்காரன் அவர்கள் சாதியையே பிறவித் திருடர்கள் என்று எழுதி வைத்தானாம். தாத்தா தினம் ராத்திரி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்க் கைரேகை வைப்பாராம்.
“எங்க தாத்தா மண்டைய யாரும் அளக்கல சார். எந்த ஊரு, என்னா ஆளுங்கன்னு கேட்டாங்க. அது போதும்னுட்டாங்க.”
கிளாஸே கை தட்டியது. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்காக ஒருநாளும் துடைத்ததில்லை. என் தாத்தா ரிட்டயர்டு ஹெட் கிளார்க். அவரை வைத்து என்ன பேச?

21.2, புதன்
லைப்ரரியில் ஸ்டாக் பார்த்தார்கள். புத்தகம் காணோம். நோட்டில் கடைசிக் கையெழுத்து மலருடையது. லைப்ரரி அண்ணன்: “பரம்பரையே அப்பிடின்னு அந்தப் பொண்ணே சொல்லிச்சாம்ல. வேற யாரு எடுத்திருப்பா?”
பையைக் கவிழ்த்துப் பார்த்தார்கள். ஹாஸ்டல் பெட்டியையும். சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். புத்தகம் வராவிட்டால் அவளுக்கு ஹால் டிக்கெட் கிடையாதாம்.

22.2, வியாழன்
நல்ல வெயில். ரேக்குக்குப் போனேன். புத்தகம் அங்கேயே. எடுத்து மேசைமேல் வைத்தால் முடிந்தது என்று நினைக்கும்போதே மலர் வந்துவிட்டாள். கண் வீங்கியிருந்தது.
“சுகுணா, நீ ஒருத்திதான்டி என்னெ ஒன்னும் கேக்கல.”
“விடுடி. கெடைச்சிரும்.”
“கெடைச்சாலும், பயந்துபோயி நாந்தான் வெச்சுட்டேம்பாங்க. எடுத்தவங்களே வாயத் தொறந்து சொன்னாத்தான் உண்டு.”
சொல்லலாம். சொன்னால் நாளைக்கே டிபார்ட்மெண்ட் முழுக்க அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடும். அதை நினைத்தால்தான் பொறுக்கவில்லை. நாலு மணி பஸ்ஸில் வந்துவிட்டேன்.