மைக் மேல் போட்ட பழி

அன்பு மகள் வாண்டுவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அம்மாவும் நலம். எல்லாக் கடிதத்திலும் முதல் வரியில் போடுவதுதானே என்று தாண்டிப் போய்விடாதே, இந்தத் தடவை அந்த ஒரு வரியை எழுதுவதற்காகவே பல வாரமாகக் காத்திருந்தேன். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். போனில் சொல்லாமல் பார்சலுக்குள் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் அம்மாவிடம் கொடுங்க என்பாய், கொடுக்க முடியாத நிலைமை. அம்மா குளிக்கிறாள், அம்மா கடைக்குப் போயிருக்கிறாள், அம்மா தூங்குகிறாள் என்று நான் விட்ட புளுகை எல்லாம் எத்தனை தூரம் நம்பினாயோ, ஒரு நாளைக்கு எத்தனை தடவைப்பா அம்மா குளிப்பாங்க என்று நீ கேட்ட அன்றைக்கே என் சாயம் வெளுத்துவிட்டது. உன் அம்மாவுக்குத் தொண்டையில் ஒரு சின்ன ஆபரேஷன் நடந்தது. எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது, பயப்பட ஒன்றும் இல்லை. இதை முதலில் சொல்லிவிட்டேன், மற்றதை நிதானமாக உட்கார்ந்து படி.

அதற்கு முன்னால் நீ கேட்டதற்குப் பதில். உன் தெருவில் சாவி வெட்டுகிறவர், செருப்புத் தைக்கிறவர், கண்ணாடி அறுக்கிறவர் என்று ஒவ்வொருவரையும் சின்னச் சின்ன வீடியோவாக எடுக்கப் போகிறேன், எந்தக் கேமரா வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். நீ சொன்ன சாமான்களை எல்லாம் தூக்கிக்கொண்டு போய் நின்றால் சாவி வெட்டுகிறவர் யாரோ சோதனை போட வந்திருக்கிறார்கள் என்று கடையை மூடிவிடுவார். கையில் இருக்கிற போன் போதும். நாங்கள் இத்தனை வீடியோ எடுத்தது எதில், நீ தூக்கிப் போடச் சொன்ன பழைய போனில்தானே. ஜிப் மாற்றுவது, பேன்ட் மடித்துத் தைப்பது என்று உன் அம்மா சொல்லிக்கொடுத்ததை அத்தனை பேர் பார்த்தார்கள், ஒருத்தர்கூட என்ன கேமரா என்று கேட்கவில்லை. படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்வார்கள், பேச்சு புரியவில்லை என்றால் கம்பி நீட்டிவிடுவார்கள். அதனால் வாங்குவதென்றால் முதலில் சட்டையில் குத்துகிற காலர் மைக், அடுத்து காதை மூடுகிற ஹெட்போன், அப்புறம்தான் ஸ்டாண்டு. ஸ்டாண்டுக்குக்கூட அவசரம் இல்லை, இஸ்திரிப் பலகையை வேண்டிய உயரத்துக்கு ஏற்றி அதன் மேல் போனைக் கட்டிவைத்துத்தான் நாங்கள் ஆரம்பித்தோம். மேலிருந்து கையைக் காட்டுவதற்கு மேஜை விளக்கின் வளைகிற கழுத்தில் பல்பைக் கழற்றிவிட்டுப் போனை மாட்டினேன், இன்றைக்கு வரை அதுதான் ஓடுகிறது. உன் அம்மாவுக்கு மட்டும் படிக்க விளக்கு இல்லாமல் போனது, அந்தக் கோபம் அவளுக்கு இன்னும் தீரவில்லை.

இனி நடந்ததைச் சொல்கிறேன். சில மாதமாகவே வீடியோவில் உன் அம்மா பேசுவது கரகரவென்று கேட்க ஆரம்பித்தது. வெட்டி ஒட்டுகிறவன் நான், ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கிறவன் நான், அதனால் எனக்குத்தான் முதலில் தெரிந்தது. பம்ப் ஹவுஸில் காலம் தள்ளியவன், மோட்டார் ஓடுகிற சத்தத்தை வைத்தே பேரிங் போயிருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவேன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்கிறவன், கேட்ட உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டேன், மைக் அவுட் என்று. ஃபேனை நிறுத்தினேன். எதிரொலி என்று நினைத்துத் தையல் அறைச் சுவரில் கம்பளியைத் தொங்கவிட்டேன். போனைச் சிக்னல் இல்லாத மோடில் போட்டேன். துணி உரசுகிறதோ என்று மைக்கைத் தாடைக்கு ஒரு சாண் கீழே இறக்கி, ஒயரை ஒரு சுருள் சுற்றி ஊக்குக் குத்தினேன். பக்கத்து வீட்டுக்காரரிடம் போய், நாங்கள் பதிவு செய்கிற நேரத்தில் மட்டும் தண்ணீர் மோட்டார் போடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன், அந்த மனிதரும் பாவம் குளிக்காமல் ஆபீசுக்குப் போனார். இதெல்லாம் நல்ல வழிகள்தான், நீயும் செய், சத்தம் சுத்தமாகத்தான் வந்தது, ஆனால் அந்தக் கரகரப்பு மட்டும் போகவில்லை. கடைசியில் மைக்கைக் கண்டபடி திட்டிவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கினேன், அதிலும் அதே. நடுவில் உன் அம்மாவிடம், கொஞ்சம் சத்தமாப் பேசும்மா, மைக் வாங்க மாட்டேங்குது என்று வேறு சொல்லிக்கொண்டிருந்தேன், அவளும் தம் பிடித்துப் பேசினாள். வீடியோவுக்குக் கீழே ஒரு அம்மா, அக்காவுக்குச் சளியா என்று எழுதியிருந்தார், நான் அதற்கு நன்றி என்று பதில் போட்டு ஒரு பூவும் வைத்திருக்கிறேன். போய்ப் பார், இன்னும் இருக்கிறது.

ஒரு நாள் அவள் நூல்கண்டு வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். வருவதற்குள் புது மைக்கை ஒரு தடவை சோதித்து வைக்கலாம் என்று என் சட்டையில் குத்திக்கொண்டு ஜிப், பட்டன், ஊக்கு என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிப் பதிவு செய்தேன். கேட்டால் துடைத்துவிட்ட மாதிரி சுத்தமாக இருந்தது. அப்பாடா, ஒரு வழியாகச் சரியாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன் பார், அந்தச் சந்தோஷம் அவள் வந்து உட்கார்ந்து இரண்டு வார்த்தை பேசுகிற வரைக்கும்தான். அதே நாற்காலி, அதே மைக், அதே இடம், அவள் குரல் மட்டும் கரகர. பழைய மைக்கையும் எடுத்து மாட்டிப் பேசிப் பார்த்தேன், எனக்கு அதிலும் சுத்தம். எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்திருக்கிறேன், பேசுகிற ஆளை மட்டும் மாற்றிப் பார்க்கவில்லை. அவளுக்குத் தெரியாமல் போன வருட வீடியோவையும் இந்த மாத வீடியோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டேன். வேறு வேறு இரண்டு பெண்கள் பேசுகிற மாதிரி இருந்தது. ஒரே வீட்டில் தினமும் கேட்கிற குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து போனது இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

டாக்டரிடம் போகலாம் என்றால் உன் அம்மா லேசில் ஒத்துக்கொள்கிற ஆளா. தைக்கிறவளுக்குத் தொண்டை கட்டினா என்ன, கைதானே ஓடணும் என்றாள். அந்த இரண்டு வீடியோவையும் அவள் காதில் ஹெட்போனை மாட்டிக் கேட்கவைத்தேன். கேட்டுவிட்டு எழுந்து போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். தொண்டை டாக்டர் மூக்கு வழியாக மெல்லிசாக ஒரு குழாயை விட்டார், நுனியில் கடுகு அளவுக்கு ஒரு கேமரா, அதோடு ஒட்டி ஒரு விளக்கு, எதிரே டிவியில் தொண்டை முழுவதும் தெரிந்தது. அந்த நேரத்திலும், லென்சுக்குப் பக்கத்திலேயே விளக்கு இருப்பதால்தான் எங்கேயும் நிழல் விழவில்லை என்று என் புத்தி போனது, என்ன செய்வது, பழக்கதோஷம். குரல் நாணில் ஒரு சின்ன மொட்டு மாதிரி இருந்தது. பார்த்தா சாதாரணமாத்தான் தெரியுது, ஆனா எடுத்துச் சோதனைக்கு அனுப்பிடணும், ரிசல்ட் வந்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியும் என்றார் டாக்டர். சாதாரணம் என்று அவர் சொன்னது என் காதில் ஏறவே இல்லை, உறுதியாச் சொல்ல முடியாது என்பது மட்டும்தான் ஏறியது. உன்னிடம் அன்றைக்கே சொல்லியிருக்கலாம். வேலையை விட்டுவிட்டு ஓடி வருவாய், வந்தும் எங்களோடு உட்கார்ந்து காத்திருக்கத்தான் முடியும் என்று உன் அம்மா தடுத்துவிட்டாள், கோபம் என்றால் அவள் மேலும் பாதி காட்டு.

ஆபரேஷன் சின்னதுதான், மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆனால் ரிசல்ட் வரும்வரை நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வாயைத் திறக்கவே கூடாது, கிசுகிசுவென்று பேசுவதும் கூடாது, அது இன்னும் கெடுதல் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். துணைக்கு வந்த உன் அத்தை, அண்ணி பேசாத குறை தெரியக் கூடாது என்று அண்ணி பங்கையும் சேர்த்துத் தானே பேசித் தீர்த்தாள். உன் அம்மா கறுப்புத் துணித் துண்டை மடியில் போட்டு, துணியில் கோடு போடுகிற சாக்கால் எழுதிக் காட்டுவாள். அடுப்பை அணைங்க, அந்தச் சட்டையா போட்டுட்டுப் போனீங்க, உங்க தங்கச்சிக்கு டீ கொடுங்க, இப்படி. கண்ணாடி போடவில்லை, எழுத்துத் தெரியவில்லை என்று தப்பிக்கப் பார்த்தேன், அடுத்த நாளே ஒரு மீட்டர் துணியை விரித்துக் கடைப் பெயர்ப்பலகை மாதிரிப் பெரிய எழுத்தில் எழுதிவிட்டாள். வாயை மூடினால் தேவலை என்று எத்தனை தடவை விளையாட்டாகச் சொல்லியிருப்பேன், அவள் பேச்சு நின்றுபோன வீட்டுக்குள் இருந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, அவள் குரல் இல்லாமல் எனக்கு வீடு வீடாகவே இல்லை.

சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று அவளே ஒரு நாள், வீடியோ எடுக்கலாம் என்று சாக்கால் துணியில் எழுதினாள். பேச்சே இல்லாமல் கிழிந்த பை ஒன்றைச் சரிசெய்வதை எடுத்தோம். ஜன்னல் பக்கம் மேஜையைப் போட்டு, எதிர்ப் பக்கம் வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டேன், ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி வந்து கையில் விழுந்த நிழலை எடுத்துவிட்டது. வெயில் ஏறியபோது கண்ணாடியில் டிரேசிங் பேப்பரை ஒட்டினேன், வெளிச்சம் பதமாக இறங்கியது. இதற்கெல்லாம் கடையில் பெரிய பெரிய குடை விற்கிறார்கள், ஏமாந்துவிடாதே. தூரத்தில் இருந்து ஒன்று, முகம் தெரிகிற மாதிரி ஒன்று, கையை மட்டும் ஒன்று என்று ஒவ்வொரு வேலையையும் மூன்று விதமாக எடுத்து வைத்தால் வெட்டி ஒட்டும்போது திண்டாட வேண்டாம். கத்தரிக்கோல் துணியில் ஓடுகிற சத்தத்தைப் பக்கத்தில் மைக் வைத்து எடுத்தேன், என்ன செய்கிறாள் என்பதை எழுத்தில் போட்டேன். அதைப் பார்த்தவர்கள் இப்படியே போடுங்கள், நன்றாக இருக்கிறது என்று எழுதினார்கள். உன் அம்மா அதைப் படித்துவிட்டு, அப்போ என் பேச்சு யாருக்கும் வேண்டாமா என்று துணியில் எழுதிக் காட்டினாள். சிரித்தேன். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது அப்புறம்தான் தெரிந்தது.

ரிசல்ட் வாங்கப் போன அன்று உன் அண்ணனும் லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். டாக்டர் உறையைப் பிரித்துப் படித்துவிட்டு, கெட்ட கட்டி இல்ல, தைரியமாப் போங்க என்று எங்கள் வயிற்றில் பால் வார்த்தார். தையல் மெஷின் சத்தத்துக்கு மேலே வருடக்கணக்காகப் பேசியதில் வந்ததாம், அதோடு இந்தச் சில மாதம் தம் பிடித்துப் பேசியதும் சேர்ந்துகொண்டதாம். உன் அண்ணன் வெளியே வந்து வண்டியை எங்கே நிறுத்தினோம் என்று தெரியாமல் வேறு யாரோ ஒருத்தர் வண்டியில் சாவியைப் போட்டுத் திருகிக்கொண்டிருந்தான். ஆகவே உனக்கு நான் சொல்வது இதுதான், யாரை எடுத்தாலும் அவர்களைச் சத்தமாகப் பேசச் சொல்லாதே, மைக்கைப் பக்கத்தில் கொண்டுபோ. அவர் வேலையை நிறுத்திவிட்டுப் பேசட்டும், பேசி முடித்ததும் வேலை செய்யட்டும், இரண்டையும் தனித்தனியாக எடு. எடுக்கும்போதே ஹெட்போனில் கேள், வீட்டுக்கு வந்த பிறகு கேட்டால் வெறும் காற்றுச் சத்தம்தான் இருக்கும்.

பார்சலில் நான் திட்டித் தீர்த்த அந்தப் பழைய காலர் மைக்கை வைத்திருக்கிறேன், அதன் மேல் ஒரு குறையும் இல்லை, நல்ல மைக், நீ வேறு வாங்க வேண்டாம். தெருவில் காற்று அடிக்கும் என்று பழைய குளிர் தொப்பியின் ரோமத்தை வெட்டி அதற்கு ஒரு சின்னக் குல்லாய் உன் அம்மா தைத்திருக்கிறாள், மறக்காமல் மாட்டு. லென்சைத் துடைக்கச் சின்னத் துணியும் இருக்கிறது, துப்பட்டாவில் துடைக்காதே. எடுத்ததை அன்றைக்கே வேறு ஒரு இடத்திலும் போட்டு வை, போனை மட்டும் நம்பாதே.

நேற்று டாக்டர் அவளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசலாம் என்று விட்டார். வீட்டுக்கு வந்ததும் முதல் பேச்சைப் பதிவு செய்யலாம் என்று நான் அவசர அவசரமாக மேஜையில் எல்லாவற்றையும் எடுத்து வைத்தேன். வேண்டாம் என்று கையைக் காட்டிப் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தண்ணீர் குடித்தாள். இத்தனை நாள் சேர்த்து வைத்ததை எல்லாம் சேர்த்து ஒரு பாட்டம் திட்டப் போகிறாள் என்று நான் தயாராக இருந்தேன். குரல் மெல்லிசாக இருந்தது, ஆனால் கரகரப்பு இல்லை. ரொம்பப் பயந்துட்டீங்களா என்று கேட்டாள். எனக்குத் தொண்டையில் ஒரு கோளாறும் கிடையாது வாண்டு, ஆனாலும் அந்தக் கறுப்புத் துணியை இழுத்து, அவள் சாக்கால் ஆமாம் என்று எழுதிக் காட்டினேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும், எடுத்த காரியம் கைகூட வேண்டும், உன் தெருவில் இருக்கிறவர்கள் எல்லோரும் உன்னைத் தங்கள் வீட்டுப் பிள்ளையாக நினைத்து வாய் திறந்து பேச வேண்டும் என்று நாங்கள் இருவரும் மனதார வாழ்த்துகிறோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் பண்ணு, அம்மா எடுப்பாள். அவளை நிறையப் பேசவைக்காதே, நீ பேசு, அவள் கேட்டுக்கொண்டிருக்கட்டும்.

இப்படிக்கு,
உன்னிடம் இனி புளுகுவதற்கு ஒன்றும் மிச்சம் இல்லாத
அப்பா