'டிஸ்' பக்கம்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணங்கி எழுதுகிறேன். உங்கள் மூட்டுவலி தேவலையா? எனக்கு ஒரு குறையுமில்லை.

ஒரே எழுத்துகளில் தொடங்கும் ஆங்கிலச் சொற்களைச் சேர்த்துப் படித்தால் மறக்காது என்றீர்களே, உண்மைதான். இந்த வாரம் 'டிஸ்' பக்கம். டிஸ்ஒபே என்றால் சொன்னதைக் கேட்காதது. டிஸ்ஹானஸ்ட், நேர்மையில்லாத. டிஸ்மிஸ், வேலையிலிருந்து நீக்குவது.

நேற்று ஓட்டல் சலவைக்கூடத்தில் போர்வைகளைக் காணோம் என்று மேனேஜர் என்னிடம் ஒரு காகிதத்தை நீட்டினார். மூன்று சொற்களும் அதில் இருந்தன. அகராதியைப் புரட்டும் வேலை மிச்சம்.

"ஒண்ணுமில்லக்கா, சும்மா ஒரு கையெழுத்து. போட்டாத்தான் பாஸ்போர்ட்டக் குடுப்பாங்க," என்றாள் இஸ்திரி போடுகிறவள்.

அர்த்தம் தெரிந்தே போட்டேன். நான் எடுக்கவில்லை, அப்பா.

அடுத்த மாதம் வருகிறேன். அழைத்துப்போக நீங்களே வாருங்கள். அம்மாவிடம் லீவு என்று சொல்லிவிடுங்கள். அந்தக் காகிதம் அவள் கண்ணில் பட்டாலும், அவளுக்கு இங்கிலீஷ் தெரியாதது நல்லதாய்ப் போயிற்று.

உங்கள் மூத்தவள்