வெளியே போகச் சொல்லும் கடிதம்

அன்பு மகளுக்கு,

நீ எழும்போது நான் வேலைக்குப் போயிருப்பேன். அதனால் இதைக் கெட்டில் பக்கத்தில் வைக்கிறேன்.

பெற்றவளே வெளியே போகச் சொல்லிவிட்டாள் என்று எழுத்தில் இருந்தால்தான், கவுன்சில் ஆபீசில் உன்னையும் பேரன் ஆர்ச்சியையும் வீடில்லாதவர்கள் பட்டியலில் சேர்த்து வீடு கொடுப்பார்களாம். போன வாரம், "இடம் போதவில்லை, மன்னிக்கவும்" என்று எழுதிக் கொடுத்தேன். அங்கே வேலை பார்க்கும் நம் தெரு டோரீன் படித்துவிட்டுச் சிரித்தாள்.

"கேக் குடுத்து வழியனுப்புற மாதிரில்ல எழுதியிருக்கீங்க! இதப் பாத்தா, இன்னும் கொஞ்ச நாள் அம்மாகூடவே இருக்கட்டும்னு சொல்லிடுவாங்க. கொஞ்சம் கடுமையா எழுதுங்க."

நேற்று வேலை முடிந்து வந்தபோது, நான் படுக்கும் சோபாவில் ஆர்ச்சி டீயைக் கொட்டியிருந்தான். நீ போனைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அந்த ஈரத்திலேயே உட்கார்ந்து மறுபடி எழுதினேன். இரண்டு பக்கம் வந்தது. டோரீன் வீட்டுக் கதவடியில் போட்டுவிட்டு வந்தேன். சற்று நேரத்தில் போன் செய்தாள்.

"அடேயப்பா, பிரமாதமா நடிச்சிருக்கீங்க! இது போதும்."

இன்று பத்து மணிக்கு ஆபீசில் உன்னை எதிரே உட்காரவைத்து அதைப் படித்துக் காட்டுவார்கள். அழாதே. எல்லாம் நடிப்பு என்றே நினைத்துக்கொள்.

முதல் கடிதத்துக்கு அரை நாள் யோசித்தேன். இதற்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

அம்மா