அலுமாரியில் வைத்த அழைப்பாணை

பேசாலை.

அன்பு மகன் டிலோஜனுக்கு,

அம்மா எழுதுகிறேன். கட்டார் வெயில் உன்னை வாட்டாமல், நேரத்துக்குச் சாப்பிட்டுப் படுத்து எழும்புகிறாய் என்று நம்புகிறேன். எனக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை, சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை. போனில் சொன்னால் அழுதுவிடுவேன்.

போன கிழமை நீதிமன்றத்தில் இருந்து ஒருவர் வந்து தீர்ப்பைத் தந்துவிட்டுப் போனார். அப்பா கேட்ட விவாகரத்து கிடைத்துவிட்டது. பிரிவது நாங்கள் இருவரும் பேசி எடுத்த முடிவு, அதில் எனக்குக் கோபமில்லை. ஆனால் நான் வேண்டுமென்றே அவரைக் கைவிட்டுப் போனவளாம், என்னைப் பெற்ற அப்பு சீதனமாகத் தந்த இந்த வீடு அவர் உழைத்துக் கட்டியதாம். போய் மறுக்க நான் இல்லாதபடியால் எல்லாம் அவர் சொன்னபடியே ஆகிவிட்டது, இனி நான் வீட்டை விட வேண்டும். ஆடித் திருவிழாவுக்கு மடு மாதா கோயிலடியில் கூடாரம் அடித்து இருந்தபோது அப்பா கோயில் மண்ணைக் கிள்ளி என் உள்ளங்கையில் வைத்து, மாதா அறிய வீடு உனக்குத்தான், ரெண்டு பேருக்கும் சேர்த்துப் பேச என்ர லோயரே காணும், நீ கோட்டு வாசல் மிதிக்க வேண்டாம் என்றார். பங்குக் கோயில் சனத்தின் கண்ணில் படாமல் முடிந்தால் போதும் என்று நானும் இருந்துவிட்டேன். அவருடைய லோயர் அவருக்காகத்தான் பேசுவார் என்பது இவ்வளவு புத்தகம் வாசித்த எனக்குத் தோன்றவில்லை. அழைப்பாணை வந்ததும் உன்னைத்தான் கேட்டேன். அது சும்மா முறைக்கு வாறதம்மா, அலுமாரிக்குள்ள வையுங்கோ என்றாய். பொட்டலமாக மடித்து வைத்திருந்த அந்தக் கோயில் மண்ணுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

தீர்ப்பு வந்தபின், ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று அப்பாவைக் கேட்டேன். வீடு கடைசியில டிலோஜனுக்குத்தானே, அவனுக்கு எல்லாம் தெரியும் என்றார். அவர் செய்ததை விட இந்தச் சொல்தான் என்னை எழும்ப விடாமல் கதிரையில் இருத்தியது.

நேற்று மன்னாரில் ஒரு சட்டத்தரணியைப் பார்த்தேன். முதலே வந்திருந்தா லேசா மறுத்திருக்கலாம் தங்கச்சி, இப்ப தீர்ப்பை நீக்கச் சொல்லிக் கேக்க வேணும், நாளும் குறைவு என்றார். கைவிட்டுப் போனது என்று அப்பா காட்டியிருப்பது, பெரியம்மாவின் ஒப்பரேசனுக்கு நான் முருங்கனில் போய் நின்ற நாட்களை. போயிட்டு வா என்று அனுப்பியதே அவர்தான். லீவில் வந்து நின்ற நீதான் பையைத் தூக்கி வந்து பஸ் ஏற்றினாய், மறந்துவிட்டுப் போன கருவாட்டுப் பொதியை ஓடிவந்து யன்னலால் தந்தாய்.

உனக்கு எவ்வளவு தெரியும் என்று நான் கேட்கவில்லை. அன்று கண்டதை மட்டும், கோட்டில் காட்ட, சத்தியம் செய்து கையெழுத்து வைத்த சத்தியக்கடதாசியாக அனுப்பு. சொல்லை நீயாகக் கோர்க்காதே, சட்டத்தரணியிடம் கேட்டு எழுது, லோயர் இல்லாமல் நம் வீட்டில் நடந்தது போதும்.

மாதா உன்னைத் தன் மடியில் வைத்துக் காக்கட்டும். வேலைக்குப் போகும்போது தண்ணீர் கொண்டு போ. அனுப்ப மனமில்லையென்றால் இல்லை என்று சொல், தாங்கிக்கொள்வேன். மாதா மேல் ஆணையாக அனுப்புகிறேன் என்று மட்டும் சொல்லாதே.

உன் அம்மா,
றஞ்சிதம்