பெரிய டாக்டரின் மூக்கு

திருப்பதி, 14.8.1979, செவ்வாய்

செங்கம்மாவின் வயிற்றில் சீழ் பிடித்ததற்குப் பெரிய டாக்டர்தான் காரணம். சிறுநீரகம் கெட்ட அவளுக்கு வயிற்றில் குழாய் வைத்து, பாட்டில் பாட்டிலாக மருந்து நீரை ஏற்றி இறக்குகிறோம். அவரோ மூக்குப்பொடி போட்ட விரலைக் கைக்குட்டையில் துடைத்துவிட்டு அப்படியே பாட்டிலை மாற்றுகிறார். சீழில் இருந்த கிருமி யார் மூக்கில் இருக்கிறது என்று பார்க்க, நர்சுகள், வேலையாட்கள் எல்லோருக்கும் பஞ்சுக்குச்சி விட்டுச் சோதிக்கும்படி லேபிலிருக்கும் என்னிடம் சொன்னார். ரேணிகுண்டாவிலிருந்து வந்து பெருக்கும் முனியம்மாவின் மூக்கில் இருந்தது. இன்றே அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்.

“நான் வராண்டா பெருக்கிக்கினு கெடந்தவ நைனா, அந்தப் பாட்டிலத் தொட்டதே இல்ல,” என்று என்னிடம் வந்து அழுதாள்.

பஞ்சுக்குச்சியோடு டாக்டர் அறைக்குப் போனேன்.

“சார், நாளைக்குப் பாட்டில் மாத்தறதுக்கு முன்னாடி உங்க மூக்குலயும் எடுக்கணும்.”

அவர் நிமிராமல் கேஸ் ஷீட்டைப் புரட்டிக்கொண்டே இருந்தார்.