மடு மண் பொட்டலம்

ஸ்காபரோ
6 ஒக்ரோபர் 2025

அன்பான கிளிபோட்டுக்கு,

சுகமாக வினிபெக் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். லொறி ஓட்டும்போது போன் எடுக்கக்கூடாது என்று சட்டம் போட்டவளே நான்தான். அதனால் ஈமெயிலில் அழுகிறேன். மகள் ஸ்டெபனிக்குப் பல் கொதி. டென்ரிஸ்டிடம் அப்பா வந்தால்தான் வருவாளாம்.

எனக்குப் பயமாக இருக்கிறது. குதிரைகளை இறைச்சிக்காக உயிருடன் விமானத்தில் ஜப்பானுக்கு அனுப்புவதை நிறுத்தச் சொல்லி நாங்கள் கையெழுத்துச் சேர்ப்பது உங்களுக்குத் தெரியும். அதைத் தடுக்கும் சட்டமூலம் செனட்டில் நிறைவேறாமல் கிடந்து செத்துப்போனதால் மறுபடி முதலிலிருந்து தொடங்கியிருக்கிறோம். நேற்றுப் பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றேன். ஒரு கறுப்பு வண்டி பக்கத்தில் வந்து நின்றது. ஓட்டிவந்தவர் தொப்பியை இறக்கிவிட்டிருந்தார். என் பெயரைச் சொல்லி, "லொறிக்காரன்ரை வயித்திலை அடிக்காதையுங்கோ தங்கச்சி, பிறகு கவலைப்படுவியள்" என்றார். கையெழுத்துத் தாள்களைச் சுருட்டிக்கொண்டு கோயிலுக்குள் போய்விட்டேன். என் பெயர் அவருக்கு எப்படித் தெரியும்?

நான் தந்த மடு மாதா கோயில் மண் பொட்டலம் லொறியில் இருக்கிறதா? ஊரில் பாம்புக்குக் காவல் என்று வைத்திருந்தோம். இங்கே பனிக்கும் சேர்த்து மாதா பார்த்துக்கொள்வா.

உங்கள்
அன்ரனெற்


வினிபெக்
8 ஒக்ரோபர்

அன்புள்ள அன்ரனெற்றுக்கு,

உமது கடிதம் பார்த்ததிலிருந்து நித்திரை இல்லை. அந்த ஆள் யாரென்று எனக்குத் தெரியாது. நான் காய்கறி ஏற்றுகிறவன், குதிரைக்காரரை எனக்கெங்கே தெரியும்? ஆனால் கெஞ்சிக் கேட்கிறேன், இந்த வேலையை விட்டுவிடும். கோபத்தில் எழுதவில்லை. பயத்தில் எழுதுகிறேன். வேறு எதற்கென்றாலும் கையெழுத்துச் சேரும், நானும் வந்து பக்கத்தில் நிற்கிறேன்.

மண் பத்திரமாக இருக்கிறது. ஸ்டெபனிக்கு ஒரு முத்தம்.

கிளிபோட்


ஸ்காபரோ
15 ஒக்ரோபர்

கிளிபோட்,

வினிபெக்கில் எங்களோடு வேலை செய்யும் றெபேக்கா, விமான நிலைய வேலிக்கு வெளியே, கிட்ட நின்று எடுத்த வீடியோவை அனுப்பியிருக்கிறாள். ஞாயிறு பின்னேரம் கோயில் மண்டபத்தில் போட்டுக் காட்டுவதற்குத் தமிழில் எழுத்துப் போடும் வேலை என்னுடையது.

ஒரு செம்பட்டைக் குதிரை லொறியை விட்டு இறங்க மாட்டேன் என்று நிற்கிறது. சாரதி சட்டைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுக்கிறார். சிவப்பு நூல் சுற்றியது. அந்த நூலைச் சுற்றியது நான். மண்ணை எடுத்துக் குதிரையின் நெற்றியில் தடவி, "பயப்பிடாதையம்மா, நான் இருக்கிறன்" என்கிறார். ஸ்டெபனிக்கு ஊசி போடும்போது சொல்கிற அதே குரல்.

அதற்குமேல் பார்க்க முடியாமல் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தேன்.

முகத்தை மறைக்க எனக்குத் தெரியும், ஒரு நிமிட வேலை. மறைக்காவிட்டால் உங்கள் வேலை போகும், வீடும் போகலாம் என்று பயம். மறைத்தால் உங்களோடு ஒரே மேசையில் இருந்து சாப்பிட முடியாமல் போகுமோ என்று அதைவிடப் பயம். நான் என்ன செய்ய?

அன்ரனெற்


வினிபெக்
17 ஒக்ரோபர்

அன்ரனெற்,

காய்கறி ஏற்றியது ஆவணி வரைக்கும்தான். பிறகு இந்த ஓட்டம்தான் கிடைத்தது. உம்மிடம் சொல்ல வாய் வரவில்லை. கோயில் வாசலில் வந்தவர் எங்கள் லொறி யார்ட்டில் வேலை செய்யும் அன்புராசா அண்ணை. பொல்லாதவர் இல்லை. என் பிழைப்புக்காகப் பயந்து, கேட்காமலே வந்திருக்கிறார்.

அந்தக் குதிரைக்கு உடம்பு முழுக்க நடுக்கம். என் சட்டையில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றது. எனக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை, மண்ணைத் தடவினேன். அது என்னை நம்பிவிட்டது. நம்பி இறங்கி, விமானத்தில் ஏற்ற அவர்கள் வைத்திருந்த பெட்டிக்குள் தானாகவே போனது. இழுத்துக்கொண்டு போயிருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயம் வந்திராது. இனி ஸ்டெபனிக்கு "நான் இருக்கிறன்" என்ற அந்த வார்த்தையை எந்த வாயால் சொல்வேன்?

முகத்தை மறைக்க வேண்டாம். குரலையும் அப்படியே விடும்.

இன்று வெறும் லொறியோடு திரும்புகிறேன். யார்ட்டில் லொறிச் சாவியைத் திருப்பிக் கொடுத்து வேலையை விட்டுவிட்டு, ஞாயிறு நீர் மண்டபத்திலிருந்து வந்த பிறகு வீட்டுக்கு வருவேன். வீட்டுச் சாவி என்னிடம் இருக்கிறது. ஆனாலும் பெல் அடித்துவிட்டு, நீர் திறக்கும்வரை வெளியே நிற்கிறேன்.

கிளிபோட்